துடைக்காத கத்தி

அண்ணன் செய்த மல்டிடூலைக் கணவர் உடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவள் காட்டுக்குக் கிளம்பினாள். வேறு ஆசை எதுவும் இல்லை. மாணவர் விடுதியில் நாள் முழுக்க அடுப்படியில் வேகிற சமையற்காரிக்கு விடுமுறை கிடைத்தால் காலை நீட்டிப் படுக்கத் தோன்றுமா, கொசுக்கடியில் கூடாரம் போடத் தோன்றுமா? ஆனாலும் கிளம்பினாள். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த மனிதரைக் கவனிப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

கணவருக்கு வேலையே உடைப்பதுதான். அவள் அண்ணன் ஒரு சின்னக் கருவிப் பட்டறை வைத்திருந்தார். குறடு, திருப்புளி, கைரம்பம் என்று அங்கே எதைப் புதிதாகச் செய்தாலும், கடைக்குப் போவதற்கு முன்னால் அது இவர் கைக்கு வரும். இவர் அதைக் காட்டுக்கோ மலைக்கோ எடுத்துப் போவார். பாறையில் போடுவார், தண்ணீரில் ஊறவைப்பார், நெம்புவார், அடிப்பார், அதைப் பிடித்துத் தொங்குவார். திரும்பி வரும்போது கருவி ஒரே துண்டாக இருந்தால் தேறிவிட்டது என்று பொருள். தேறியவை குறைவு. பட்டறையில் இவருக்கு எமன் என்று பெயர். புதுக் கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு இவர் வாசலைத் தாண்டினால், கடைசல் மிஷினில் இருப்பவர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவார்கள். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார்.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. மல்டிடூல் ஒன்று செய்துவிட வேண்டும் என்பது அண்ணனுக்கு நெடுநாள் வெறி. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிட வேண்டும். விரித்தால் கத்தி, ரம்பம், குறடு, திருப்புளி, டின் திறப்பான் எல்லாம் வெளியே வர வேண்டும். முதலில் செய்ததை இவர் எடுத்துப் போய் ரம்பத்தின் பல்லைக் கொட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவதைக் குறட்டின் வாயைக் கோணலாக்கிக் கொண்டுவந்தார். இரண்டு முறையும் அண்ணன் மாதக்கணக்கில் தங்கை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு முறையும் அவள் கணவருக்குச் சாப்பாடு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சான் மேல் இருக்கிற ஏதோ பழைய காய்ச்சலை இந்த மனிதர் இரும்பில் காட்டுகிறார் என்று அவளுக்கு உள்ளூர ஒரு எண்ணம்.

இது மூன்றாவது. இதில் அண்ணன் தன் உயிரையே இறக்கி வைத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் போதும், கத்தி வழுக்கிக்கொண்டு வந்து டக்கென்று பூட்டிக்கொள்ளும். இரண்டாவது கை தேவையே இல்லை. தகடுக்கும் தகடுக்கும் நடுவில் ஒரு தலைமுடி நுழையாது. அப்படி அராவி அராவி இழைத்திருந்தார். வெள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் ஆற்று மீட்புப் படைக்காகச் செய்தது அது. ஒரு கையால் ஆளைப் பிடித்திருப்பவன் மறு கையால் கயிற்றை அறுக்க வேண்டுமல்லவா? படையும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. இவர் காட்டிலிருந்து வந்து சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டிகள் கிளம்பிவிடும். சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இனி மல்டிடூலைத் தொட மாட்டேன், குறடு அடித்தே காலத்தை ஓட்டிவிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அந்தப் படையில்தான் அவளுடைய ஒரே மகள் இந்த வருடம் சேர்ந்திருந்தாள். முதல் பெட்டியின் முதல் கருவி என் மருமகளுக்கு என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

கிளம்புகிற அன்று அண்ணன் இவர் கையில் ஒன்றைக் கொடுத்தார். தங்கையும் போகிறாள் என்று தெரிந்ததும், உனக்கும் ஒன்று இருக்கட்டும், காய் நறுக்க ஆகும் என்று அவளிடமும் ஒன்றைக் கொடுத்தார். அவள் அதை அங்கேயே திறந்து மூடிப் பார்த்தாள். டக். என்ன சுகமான சத்தம். இதைப் போய் உடைக்க எப்படி மனசு வரும் என்று கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேருந்துக்கு நேரமாகிறது என்றார்.

ஆற்றோரமாக, மரங்கள் அடர்ந்த ஒரு மேட்டில் கூடாரம் போட்டார்கள். அடுத்த நாளே அவர் வேலையைத் தொடங்கிவிட்டார். கத்தியை ஒரு மரக்கட்டையின் தலையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் ஓங்கி ஓங்கி அடித்துக் கட்டையைப் பிளந்தார். கத்தியை இப்படியா பிடிப்பார்கள் என்றாள். காட்டில் கோடாலி இல்லாதவன் இப்படித்தான் பிளப்பான் என்றார் அவர். குறட்டால் கம்பியை முறுக்கினார். ரம்பத்தால் கை தடிமன் கிளைகளை அறுத்து அடுக்கினார். கருவியைப் பாறை மேலிருந்து கீழே போட்டார். அவள் ஓடிப்போய் எடுத்து, அடிபட்ட குழந்தையைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் மேல் அவளுக்கு வந்த பெருமைக்கு அளவே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் வேண்டுமென்று எதையும் உடைக்கவில்லை. அடிப்பதைக்கூட ஒரு ஒழுங்கோடு அடித்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கருவியைக் கண்ணருகில் வைத்து நிதானமாகப் பார்த்தார். மகள் கையில் போகப்போகிற சாமான் என்று அவருக்கும் தெரியாதா? இரண்டு முறையும் வீணாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோமோ என்று அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா?

அவளுடைய கருவி அவள் பாட்டுக்கு உழைத்தது. காய் நறுக்கினாள், பழம் வெட்டினாள், மீனின் செதிலைச் சுரண்டினாள், தேநீருக்கு டின் பாலை உடைத்தாள். வேலை முடிந்ததும் மடித்து, புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் பைக்குள் போட்டுக்கொள்வாள். விடுதிச் சமையலறையில் எந்தக் கத்தியை யார் துடைத்து வைத்தார்கள்? தொட்டித் தண்ணீரில் கிடக்கும், வேண்டும்போது எடுத்து உதறிவிட்டு நறுக்குவார்கள். அதே கைதானே இதுவும். ஒருமுறை ஆற்று மணலில் போட்டுவிட்டுத் தேடி எடுத்தாள். ஊதிவிட்டு மடித்துக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் அவர் ஆற்றுக்குள் இறங்கினார். கரையிலிருந்து தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளையை, இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுக்க வேண்டும். ஈரத்தில் ரம்பம் எப்படிப் போகிறது என்று பார்க்கிற சோதனை. பாதி அறுத்ததும் ரம்பம் கிளையில் சிக்கிக்கொண்டது. அவர் அதை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்து அசைத்தார். மரம் புரண்டது. அவர் தோளில் மாட்டியிருந்த பையின் பட்டையை ஒரு கிளைக் கட்டை கொக்கி போட்டு இழுத்து, ஆளையும் சேர்த்துத் தண்ணீருக்குள் அமுக்கியது.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இடது கையால் அவர் மோவாயைத் தாங்கி முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்தாள். வலது கையால் சட்டைப் பையிலிருந்து மல்டிடூலை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினாள். கத்தி வரவில்லை. மறுபடியும் தள்ளினாள். நகம் பிளந்ததுதான் மிச்சம். ஒட்ட வைத்ததுபோல அது உள்ளேயே இருந்தது. இன்னொரு கையால் இழுத்தால் வரலாம். இன்னொரு கையை எடுத்தால் அவர் முகம் உள்ளே போய்விடும். கருவியைக் கரைப்பக்கம் வீசிவிட்டுப் பட்டையைப் பல்லால் கடித்தாள். அது என்ன நூலா, கடித்தால் அறுவதற்கு? நல்லவேளையாக அவர் உடம்பை வளைத்து, தோளைச் சுருக்கி, பட்டையிலிருந்து தானே கையை உருவிக்கொண்டார். இருமிக்கொண்டே எழுந்து நின்றார்.

கரைக்கு வந்ததும் அவர் சிரித்தார். கண்ணில் இன்னும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"பட்டையைப் போய்க் கடிக்கிறியே, அவ்வளவு பசியா?"

பதறிப் போனதில் புத்தி வேலை செய்யவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் நம்பிவிட்டார். அவள் கையில் கருவி இருந்ததையே அவர் பார்த்திருக்கவில்லை.

அவர் ஈரத் துணியை மாற்றப் போனதும் அவள் மணலில் கிடந்ததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் பார்த்துப் பார்த்துச் செய்ததைப் பாழாக்கிவிட்டேன். எமன் என்று யாரையோ சொன்னோம், எமன் நான்தான். தேநீருக்கு வைத்திருந்த வெந்நீரில் கருவியைப் போட்டு, ஒரு குச்சியால் இடுக்கு இடுக்காகச் சுரண்டினாள். காய்ந்துபோன டின் பாலும் பழச்சாறும் மணலும் சேர்ந்து பிசின் மாதிரி வந்தது. கொஞ்ச நேரத்தில் டக்கென்று திறந்தது. அண்ணன் மானம் போகவில்லை என்று அவளுக்கு மூச்சு வந்தது. யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்றும் அப்போதே தீர்மானித்தாள்.

மறுநாள் காலை அவர் தன் கருவியைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். முந்தைய நாள் சாயங்காலமே அதைக் கிளையிலிருந்து விடுவித்து, இரவெல்லாம் ஆற்றில் ஊறவைத்திருந்தார். திறந்து மூடினார். புதுசு மாதிரி இருந்தது. இந்த முறை மச்சானை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான், இன்னும் ஓரிரு நாளில் கிளம்பலாம் என்றார். கேட்க வேண்டும் என்று அவள் எத்தனை மாதமாக ஏங்கிய வார்த்தை அது. கேட்டதும் ஏனோ சந்தோஷம் வரவில்லை.

மேட்டின் உச்சிக்குப் போனால் போனில் சிக்னல் கிடைக்கும். மகளிடம் பேசலாம் என்று ஏறினாள். மகள் எடுத்த எடுப்பில் தன் துக்கத்தைக் கொட்டினாள். பயிற்சி முடிந்ததும் நனைந்த சீருடையைப் பைக்குள் திணித்துவிட்டு மறந்துவிட்டாளாம். இன்றைக்குத்தான் பையைத் திறந்தாளாம். நாற்றம் தாங்கவில்லை, உடன் தங்கியிருப்பவள் அறையை விட்டே போய்விட்டாள், என்ன போட்டுத் துவைத்தால் போகும் என்று கேட்டாள். இவள் வினிகர் ஊற்றி ஊறவைக்கச் சொன்னாள். ஈரத்தோடு வைக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று வழக்கமாகத் திட்டுகிற திட்டையும் திட்டினாள்.

"உன் பொண்ணுதானேம்மா நான்" என்று மகள் சிரித்தாள்.

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். உண்மைதான். முகம் அப்பாவுடையது, கை அம்மாவுடையது. எதை எங்கே எடுத்தாலும் அப்படியே போட்டுவிட்டுப் போகிற கை. அந்தக் கை இந்த மல்டிடூலை எப்படி வைத்திருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சேற்றோடு மடிக்கும், ஈரத்தோடு பைக்குள் போடும், மறந்துவிடும். பிறகு ஒரு நாள் வெள்ளத்தில், ஒரு கையில் யாரையோ பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தள்ளும். அவளுக்குப் பயம் வந்தது. அண்ணன் மானமாவது ஒன்றாவது.

நேரே இறங்கி வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆற்றில் கத்தி வராததையும், வெந்நீரில் சுரண்டியதையும், ஒளித்ததையும். அவர் முதலில் அவள் நகத்தைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் கோபம் வந்தது. டின் பாலை ஊற்றி வைத்தால் எந்தக் கருவிதான் வேலை செய்யும், அது கருவியின் குற்றமா என்று மச்சானுக்காக அவரே வாதாடத் தொடங்கிவிட்டார். என்னுடையதும் இதே காட்டில்தான் கிடக்கிறது, ஆற்றில்தான் ஊறியது, நான் ஒரு பராமரிப்பும் செய்யவில்லை, அது வேலை செய்கிறதே என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் கையில் ஒரு துணி இருந்தது. அந்தத் துணிக்குள் மல்டிடூல் இருந்தது. பக்கத்தில் சுண்டுவிரல் அளவு எண்ணெய்ப் புட்டி திறந்திருந்தது.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"என்ன பண்றேன்? சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

"உங்க கையைப் பாருங்க."

அவர் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். இளவயதில் கடைசல் வேலை பழகிய இடத்தில், துடைக்காமல் கருவியைக் கீழே வைத்தால் மண்டையில் அடி விழுமாம். அன்றைக்குப் பழகியது. எடுத்தால் துடைக்கும், வைத்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடும். மூளைக்குச் சொல்லாமலே கை அதைச் செய்துகொண்டிருந்தது. ஆற்றில் ஊறியதை எடுத்த கையோடு துடைத்துவிட்டுத்தான் திறந்து பார்த்திருக்கிறார். பாறையில் போட்டதையும் அப்படியே. இத்தனை வருடம் எல்லாக் கருவியையும் கொல்லப் போகிறேன் என்று எடுத்துப் போய், வைத்தியம் பார்த்துக்கொண்டே அடித்திருக்கிறார்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரம் இல்லை. துணியையும் எண்ணெய்ப் புட்டியையும் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்னும் சில நாள் இருக்கப் போகிறோம், முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறோம், நீங்கள் துடைக்கவே கூடாது என்றாள். தன்னுடையதில் ஒட்டியதுபோல் டின் பால்கூட வேண்டாம், சேறும் தண்ணீரும் போதும் என்றாள்.

அந்த நாட்களில் அவர் பட்டபாடு கொஞ்சமில்லை. மீனை அறுத்துவிட்டுக் கத்தியை அப்படியே மடிக்கும்போது முகம் கோணும். கை தன்னால் சட்டை நுனியைத் தேடிப் போகும். அவள் கனைப்பாள். கை திரும்பி வரும். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுகூட உட்கார்ந்து பார்த்தார். குளிக்காமல் நாலு நாள் இருக்கச் சொன்னால் இருந்துவிடுவேன், இது முடியவில்லை என்றார். அவள் விடவில்லை. அண்ணனுக்காக இந்த மனிதரைக் கண்காணிக்க வந்தவள், இப்போது அண்ணனுக்கு எதிராக அதைவிடக் கறாராகக் கண்காணித்தாள்.

முதலில் கத்தி வருவதில் ஒரு கனம் தெரிந்தது. பிறகு டக்கென்ற சத்தம் போனது. ஒரு காலையில் அவர் கட்டைவிரலால் தள்ளினார். கத்தி பாதி வந்து, வெளியேயும் வராமல் உள்ளேயும் போகாமல் நின்றுவிட்டது. பெருவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார். அசையவில்லை. தகடுகளுக்கு நடுவில் தலைமுடி நுழையாதபடி இழைத்திருந்ததுதான் வினை. உள்ளே போன பொடி மணலுக்கு வெளியே வர வழியில்லை. இருந்த இடத்தில் இறுகிக்கொண்டது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எதையாவது உடைத்துவிட்டால் வருகிற களை அன்று வரவில்லை.

"ரெண்டு தடவை மச்சான்கிட்ட நான்தான் சொன்னேன். மூணாவது தடவை என்னால முடியாது" என்றார்.

"நான் சொல்றேன்" என்றாள் அவள்.

வழியெல்லாம் அவர், வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டுப் போகலாம் என்றார். ஆறப்போட்டால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குப் பயம். சின்ன வயதிலிருந்து அவளுக்காக எல்லாரிடமும் சண்டைக்குப் போன அண்ணன். அவரிடம் இதைக் கொண்டுபோய் நீட்டப் போகிறோமே என்று நினைத்தால் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. அதனாலேயே நேராகப் பட்டறைக்குப் போனாள்.

வாசலில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பசை நாடா ஒட்டி, படையின் பெயர் எழுதி, வண்டிக்காகக் காத்திருந்தன. இந்த முறை எப்படியும் சரி என்றுதான் வரும், மருமகளை இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அவளே ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று அண்ணன் உற்சாகமாக எழுந்து வந்தார். தங்கை முகத்தைப் பார்த்ததும் நின்றார். அவள் இரண்டு கருவிகளையும் மேஜையில் வைத்தாள். ஒன்று வெந்நீரில் பிழைத்தது. இன்னொன்று பாதிக் கத்தியோடு அப்படியே நின்றது. நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஆற்றையும் சொன்னாள்.

அண்ணன் அந்தப் பாதிக் கத்தியைத் தள்ளிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு பெட்டியைக் கிழித்து உள்ளேயிருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். பயன்படுத்தியதும் துடைக்கவும், எண்ணெய் இடவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும், ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நானே துடைத்துவிட்டு வரவா என்று கேட்டார். குரல் உடைந்தது. அண்ணன் அவள் கணவரை ஒரு தரம் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"நீ என் தங்கச்சியா வந்திருக்கியா, அவர் பொண்டாட்டியா வந்திருக்கியா?"

"அவளுக்கு அம்மாவா வந்திருக்கேன்" என்றாள்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. மகள் சீருடையோடு, முழங்கால் வரை சேற்றோடு உள்ளே வந்தாள். பயிற்சியிலிருந்து நேராக வந்திருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் அங்கே பார்த்ததில் அவளுக்கு இன்னும் சந்தோஷம். மாமா, எங்கே என்னுடையது என்று கேட்டுக்கொண்டே, திறந்திருந்த பெட்டியிலிருந்து தானே ஒன்றை எடுத்தாள். கட்டைவிரலால் தள்ளினாள். டக்.

சூப்பர் மாமா என்றாள். ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். பூட்ஸின் அடியில் ஒரு கல்லும் சேறும் அடைத்திருந்தன. பேசிக்கொண்டே கத்தி முனையால் அதைத் தோண்டி எடுத்தாள். மற்ற காலையும் தூக்கி வைத்துத் தோண்டினாள். பிறகு கத்தியை அப்படியே மடித்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சீட்டு மேஜையில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

அண்ணன் அந்தக் கால்சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெதுவாக வடிந்து, அந்த இடத்தில் ஒரு பயம் வருவதைத் தங்கை பார்த்தாள். மேட்டு உச்சியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது தனக்கு வந்த அதே பயம்.

அண்ணன் கையை நீட்டினார். மகள் புரியாமல் கருவியை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் துடைக்கவில்லை. பெட்டிகளை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அப்போ எனக்கு என்று மகள் இழுத்தாள். இப்போதைக்குப் பழைய கத்தியையே வைத்துக்கொள் என்றார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். பாதிக் கத்தியோடு நின்றதை எடுத்துக் கீலின் திருகைக் கழற்றத் தொடங்கினார். திருகு வர மறுத்தது. அவர் விடவில்லை. வந்ததும் தகடுகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளில் பரப்பி, நடுவில் அப்பியிருந்த பொடியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஆத்துல நீ தள்ளினப்ப கொஞ்சமாவது நகர்ந்துச்சா? இல்ல அசையவே இல்லையா?"

"அசையவே இல்லண்ணா."

"அப்ப நான் ரொம்ப இறுக்கிட்டேன்" என்றார் அண்ணன். "இடைவெளி விடணும். அந்தச் சத்தம் போயிடும். போனாப் போகுது."

மாதக்கணக்கில் பேச மாட்டார் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்தவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று மகள் பதறினாள். கணவர் மனைவி பக்கம் வந்து நின்றார்.

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த தகட்டைக் குறட்டால் பிடித்தார்.

"உன் அம்மாவை உட்காரச் சொல்லு" என்றார் மருமகளிடம். "இன்னும் நிறைய கேக்க வேண்டியிருக்கு."